பாபியைத் தோற்கடித்த பாபு! - 1977-ல் வாய் திறக்காமலேயே மக்கள் சொன்ன பதில்

1977 பிப்ரவரி 6, ஞாயிற்றுக்கிழமை. டெல்லி ராம்லீலா மைதானத்தில் எதிர்க்கட்சிகளின் பொதுக்கூட்டம். ஜெயப்பிரகாஷ் நாராயண் பேசுகிறார். அவரோடு மேடையேறுபவர் ஜெகஜீவன் ராம். நான்கு நாள்களுக்கு முன்புவரை இந்திரா காந்தியின் அமைச்சரவையில் இருந்தவர். அவசரநிலைக்கு ஒப்புதல் கேட்டு நாடாளுமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தவரே அவர்தான். இப்போது பதவியை உதறிவிட்டு எதிரணிக்கு வந்திருக்கிறார்.

அன்று மாலை தூர்தர்ஷனில் ஒளிபரப்பான படம் 'பாபி'. ரிஷி கபூரும் டிம்பிள் கபாடியாவும் நடித்து, 1973-ல் நாட்டையே கிறங்கடித்த படம். அப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை டி.வி-யில் படம் என்றால், டி.வி இருக்கிற வீட்டுக் கூடத்தில் பாதித் தெரு உட்கார்ந்திருக்கும். அதிலும் 'பாபி' என்றால் கேட்க வேண்டுமா? கூட்டத்துக்குப் போகிறவர்களை வீட்டிலேயே உட்காரவைக்கத்தான் இந்த ஏற்பாடு என்பது ஊரறிந்த ரகசியம்.

ஆனாலும் மக்கள் வந்தார்கள். பஸ் இல்லாதவர்கள் நடந்தே வந்தார்கள். மைதானம் கொள்ளாத கூட்டம். ஜெகஜீவன் ராமை வட இந்தியாவில் 'பாபுஜி' என்பார்கள். 'பாபு பீட்ஸ் பாபி' என்று தலைப்பு போட்டார்கள் பத்திரிகைக்காரர்கள். 'பாபியைத் தோற்கடித்த பாபு!'

மக்கள் கருத்து என்ற சொல்லை இன்று நாம் சர்வ சாதாரணமாகப் புழங்குகிறோம். கருத்துக்கணிப்பு, டிரெண்டிங், ஹேஷ்டேக், டி.வி விவாதம் என்று அதை அளப்பதற்கு ஆயிரம் படிகள் இருக்கின்றன. அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தைய 19 மாதங்கள் இந்தியாவில் அப்படி ஒரு படிகூட இல்லை. இருந்ததையெல்லாம் அரசே உடைத்துப் போட்டிருந்தது. அதன் பலனை அனுபவித்ததும் அந்த அரசுதான்.

மின்சாரம் நின்ற இரவு

1975 ஜூன் 12-ம் தேதி, ரேபரேலி தொகுதியில் இந்திரா காந்தி பெற்ற வெற்றி செல்லாது என்று அலகாபாத் உயர் நீதிமன்ற நீதிபதி ஜகன்மோகன்லால் சின்ஹா தீர்ப்பளித்தார். ஜூன் 25 இரவு அவசரநிலை பிரகடனம். அமைச்சரவைக்கே மறுநாள் காலையில்தான் விஷயம் சொல்லப்பட்டது. அன்றிரவே டெல்லியில் பத்திரிகை அலுவலகங்கள் வரிசையாக இருக்கும் பகதூர் ஷா ஜாஃபர் சாலையில் மின்சாரம் துண்டிக்கப்பட்டது. எந்திரம் ஓடினால்தானே பேப்பர் வரும்?

அதன்பிறகு தணிக்கை. அதிகாரி பார்த்துக் கையெழுத்துப் போடாமல் அரசியல் செய்தி எதுவும் அச்சேற முடியாது. 1976-ல் நான்கு செய்தி நிறுவனங்களையும் ஒன்றாக இணைத்து 'சமாச்சார்' என்று ஒரே நிறுவனம் ஆக்கினார்கள். வானொலியும் தொலைக்காட்சியும் ஏற்கெனவே அரசின் கையில். ஷா கமிஷன் கணக்குப்படி, விசாரணையின்றியும் பாதுகாப்புச் சட்டங்களின் கீழும் உள்ளே தள்ளப்பட்டவர்கள் 1 லட்சத்து 10 ஆயிரத்துக்கும் மேல்.

தமிழ்நாட்டுக்கு இந்தச் சூடு தாமதமாகத்தான் வந்தது. அவசரநிலையை எதிர்த்து உடனடியாகத் தீர்மானம் போட்ட தி.மு.க ஆட்சி 1976 ஜனவரி 31 வரை தாக்குப்பிடித்தது. அன்று ஆட்சி கலைக்கப்பட்டது, கைதுகள் தொடங்கின. யார் யார் கைதானார்கள் என்று அச்சிடத் தடை. வீட்டுக்காரர் எந்தச் சிறையில் இருக்கிறார் என்பது மனைவிக்கே தெரியாத நிலை. பிப்ரவரி 3 அண்ணாவின் நினைவு நாள். அதையொட்டி 'முரசொலி'யில் ஒரு பட்டியல் வந்தது. அண்ணா நினைவிடத்துக்கு மலர் வளையம் வைக்க வர இயலாதவர்கள் யார் யார் என்று மாவட்டவாரியாகப் பெயர்கள். கருணாநிதியின் யோசனை. தணிக்கை அதிகாரிக்கு அதில் தவறாக எதுவும் தெரியவில்லை. வாசகருக்குப் புரிய வேண்டியது புரிந்தது.

இதை வெறும் சாமர்த்தியம் என்று கடந்துவிட முடியவில்லை. கணவன் எங்கே என்று தேடிக்கொண்டிருந்த பெண்ணுக்கு, நினைவஞ்சலிக்கு வராதவர் பட்டியலில் அந்தப் பெயரைப் பார்த்த பிறகுதான் விவரம் தெரிகிறது. ஒரு நாட்டில் செய்தி இப்படி மாறுவேடம் போட்டுத்தான் வீட்டுக்கு வர வேண்டும் என்றால், அந்த வீட்டின் செய்தி மட்டும் அரசுக்கு எப்படிப் போய்ச் சேரும்?

ரயில் நேரத்துக்கு வந்தது... வாஸ்தவம்தான்!

இங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். அவசரநிலையை எல்லோரும் வெறுத்தார்கள் என்பது பிற்பாடு நாம் எழுதிக்கொண்ட கதை. அப்போதைய நடுத்தர வர்க்கத்தில் அதற்கு ஆதரவு இருந்தது. ரயில்கள் நேரத்துக்கு வந்தன. ஆபீஸில் பத்து மணிக்கு ஆள் இருந்தார். ஸ்டிரைக் இல்லை. விலைவாசி கொஞ்சம் அடங்கியது. 'இந்த ஜனங்களுக்கு இப்படி ஒரு சாட்டை தேவைதான்' என்று ஈசிசேரில் சாய்ந்தபடி பேசிய தாத்தாக்கள் பல வீடுகளில் உண்டு. இன்றும் குடும்ப விழாக்களில் அந்தக் குரலைக் கேட்கலாம்.

அந்தக் குரல் அரசின் காதுக்கு எட்டியது. எட்டியது அது மட்டும்தான். பேச இடம் இருந்தவர்கள் திருப்தியாக இருந்தார்கள். பாதிக்கப்பட்டவர்களுக்குப் பேச இடம் இல்லை.

பாதிப்பு எங்கே நடந்தது? உத்தரப்பிரதேசம், பீகார், ஹரியானா, டெல்லி என்று வட மாநிலங்களின் கிராமங்களிலும் குடிசைப்பகுதிகளிலும். குடும்பக் கட்டுப்பாடு என்ற நல்ல திட்டத்துக்கு இலக்கு நிர்ணயித்தார்கள். இலக்கை எட்டாத அதிகாரிக்குப் பதவி உயர்வு இல்லை, ஆள் பிடித்து வராத வாத்தியாருக்குச் சம்பளம் இல்லை என்ற நிலை வந்தது. 1976-77 என்ற ஒரே நிதியாண்டில் 80 லட்சத்துக்கும் அதிகமான கருத்தடை அறுவை சிகிச்சைகள் நடந்தன. கல்யாணம் ஆகாதவர்களும் வயதானவர்களும்கூட அதில் இருந்தார்கள் என்பது பிறகு விசாரணையில் வந்தது. பழைய டெல்லியின் துர்க்மான் கேட் பகுதியில், 1976 ஏப்ரலில், வீடுகளை இடிக்க வந்த புல்டோசர்களை மறித்த மக்கள்மீது துப்பாக்கிச்சூடு நடந்தது.

இவற்றில் எதுவும் உள்ளபடி பேப்பரில் வரவில்லை. எத்தனை லட்சம் பேர் 'முன்வந்தார்கள்' என்ற சாதனைப் புள்ளிவிவரம் மட்டும் வந்தது. கிராமத்து ஊழியர் தாசில்தாருக்கு நல்ல சேதி சொன்னார், தாசில்தார் கலெக்டருக்குச் சொன்னார், அது அப்படியே லக்னோவுக்கும் டெல்லிக்கும் ஏறியது. ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் சர்க்கரை கூடியது.

பஞ்சங்களை ஆராய்ந்த பொருளாதார அறிஞர் அமர்த்தியா சென் இதே நோயை வேறோர் இடத்தில் காட்டியிருக்கிறார். சீனாவில் 1958-க்கும் 1961-க்கும் இடையே கோடிக்கணக்கானோர் பட்டினியில் செத்தார்கள். சுதந்திரமான பத்திரிகை இல்லை. கீழே இருந்து விளைச்சல் அமோகம் என்றே கணக்கு வந்துகொண்டிருந்தது. பஞ்சம் உச்சத்தில் இருந்தபோது, உண்மையில் இருந்ததைவிட 10 கோடி டன் தானியம் கூடுதலாக இருப்பதாக பீஜிங் நம்பிக்கொண்டிருந்தது என்கிறார் சென். இது வெறும் கொடூரம் பற்றிய கதையல்ல. பொய்ச் சேதியைப் பயத்தால் வரவழைத்துவிட்டு, அதையே நம்பி உட்கார்ந்திருந்த கதை.

தேர்தல் வந்தது

1977 ஜனவரி 18 அன்று இந்திரா காந்தி தேர்தலை அறிவித்தார். ஏற்கெனவே ஒரு வருடம் தள்ளிப்போன தேர்தல். இன்னும் தள்ளிவைக்க வழி இருந்தும் ஏன் அறிவித்தார் என்பதற்கு ஆளுக்கொரு விளக்கம் உண்டு. உலக நாடுகளின் விமர்சனம் உறுத்தியது என்பார்கள். நேருவின் மகளுக்கு மனசாட்சி குத்தியது என்பார்கள். ஜெயிப்போம் என்ற நம்பிக்கை என்பதே பலரும் சொல்லும் காரணம். நம்பாமல் என்ன செய்வார்? 19 மாதங்களாக அவருக்குக் காட்டப்பட்டவை கைதட்டும் கூட்டங்களும் வாழ்த்துத் தந்திகளும்தான்.

மார்ச்சில் வாக்குப்பதிவு. உத்தரப்பிரதேசத்தின் 85 தொகுதிகளில் காங்கிரஸுக்குக் கிடைத்தது பூஜ்யம். பீகாரின் 54-ல் பூஜ்யம். பஞ்சாப், ஹரியானா, டெல்லி எல்லாவற்றிலும் பூஜ்யம். மத்தியப்பிரதேசத்தில் ஒன்று, ராஜஸ்தானில் ஒன்று. ரேபரேலியில் பிரதமரே 55,000 வாக்குகளுக்கு மேல் வித்தியாசத்தில் ராஜ் நாராயணிடம் தோற்றார். பக்கத்து அமேதியில் மகன் சஞ்சய் காந்தியும் தோற்றார். மொத்தத்தில் காங்கிரஸுக்கு 154 இடங்கள்.

எந்தக் கருத்துக்கணிப்பிலும் பதில் சொல்லாத, எந்தப் பத்திரிகைக்கும் கடிதம் எழுதாத, பெரும்பாலும் எழுதப் படிக்கத் தெரியாத மக்கள், முத்திரை குத்திச் சொன்ன பதில் அது.

கதையை இங்கேயே நிறுத்தினால் வீரவசனமாக முடியும். ஆனால் அதே தேர்தலில் தெற்கு வேறு மாதிரி ஓட்டுப் போட்டது. ஆந்திராவின் 42-ல் 41 காங்கிரஸுக்கு. கர்நாடகாவில் 28-ல் 26. தமிழ்நாட்டில் அ.தி.மு.க - காங்கிரஸ் கூட்டணிக்கு 39-ல் 34. அவசரநிலையை முதலில் எதிர்த்த, அதற்காக ஆட்சியை இழந்த, சிறையில் அடிபட்ட தி.மு.க-வும் அதன் கூட்டாளிகளும் ஐந்தோடு நின்றார்கள். சிறைவாசத்தில் முன்னாள் மேயர் சிட்டிபாபுவை இழந்த கட்சி அது.

ஏன் இப்படி? கருத்தடைக் கொடுமை இங்கே வடக்கின் அளவுக்கு இல்லை. புல்டோசர் வரவில்லை. தமிழர்கள் கண்ட அவசரநிலை வேறு, உத்தரப்பிரதேசத்தார் கண்ட அவசரநிலை வேறு. இங்கே பேச்சாக இருந்தது தி.மு.க ஆட்சிமீதான ஊழல் புகார்கள், சர்க்காரியா கமிஷன், எல்லாவற்றுக்கும் மேலாக எம்.ஜி.ஆர். ஜனநாயகத்தைக் காப்பாற்றவில்லையே என்று தமிழனைக் குறை சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. மனிதர்கள் தங்கள் வாசலில் நடப்பதை வைத்துத்தான் ஓட்டுப் போடுகிறார்கள். அடுத்த மாநிலத்தின் வாசலில் என்ன நடந்தது என்று இங்கே யாரும் அச்சிட முடியாமல் தடுத்தது யார்? தணிக்கை டெல்லியின் காதை மட்டும் அடைக்கவில்லை. மதுரைக்காரனுக்கும் முசாபர்நகர்க்காரனுக்கும் இடையிலான பேச்சையும் வெட்டியது.

மூன்றே ஆண்டுகளில், 1980-ல், அதே வடக்கு அதே இந்திரா காந்தியை 353 இடங்களோடு திரும்பக் கூட்டி வந்ததும் வரலாறு. வந்தவர்கள் தங்களுக்குள் அடித்துக்கொண்டதை மக்கள் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

கேட்டால் சொல்வோமா?

இன்று தணிக்கை இல்லை, ஆளுக்கொரு செல்போன் இருக்கிறது, இனி மக்கள் கருத்து மறைந்து கிடக்குமா என்று தோன்றலாம். 2004-ல் 'இந்தியா ஒளிர்கிறது' என்று விளம்பரம் செய்து, மூன்று மாநிலங்களில் வென்ற உற்சாகத்தில் தேர்தலை முன்கூட்டியே நடத்தியது பா.ஜ.க. கணிப்புகளும் சாதகமாக இருந்தன. முடிவில் பா.ஜ.க 138, காங்கிரஸ் 145. 2016-ல் தமிழ்நாட்டில் தி.மு.க வரும் என்று பல கணிப்புகள் சொல்ல, 134 இடங்களோடு ஜெயலலிதா மீண்டும் முதல்வரானார். 2024 ஜூன் 1 அன்று மாலை பெரும்பாலான எக்ஸிட் போல்கள் பா.ஜ.க கூட்டணிக்கு 350-க்கு மேல் என்றன; சில 400 வரை போயின. ஜூன் 4-ல் வந்தது 293.

கணிப்பாளர்கள் எல்லோரும் காசு வாங்கிக்கொண்டு எழுதுகிறார்கள் என்று டீக்கடையில் சொல்லிவிடலாம். சுலபம். ஆனால் கணிப்பு எடுக்க வருகிறவரின் இடத்தில் நின்று பாருங்கள். கையில் டேப்லெட்டோடு ஓர் இளைஞன் உங்கள் வீட்டு வாசலில் நிற்கிறான். எந்தக் கட்சி அனுப்பிய ஆள் என்று தெரியாது. திண்ணையில் மாமனார் உட்கார்ந்திருக்கிறார். கேள்வி மருமகளுக்கு, பதில் மாமனாரிடமிருந்து வருகிறது. 'எங்க வீட்டுல எல்லாம் ஒரே ஓட்டுதான் தம்பி.' மருமகள் சிரித்துவிட்டு உள்ளே போகிறாள். அந்தச் சிரிப்பை எந்தக் கட்டத்தில் டிக் அடிப்பது?

இதற்காகவே சில ஆய்வு அமைப்புகள் ஒரு மாதிரி வாக்குச்சீட்டையும் சின்னப் பெட்டியையும் கொண்டுபோய், மறைவாகக் குத்திப் போடச் சொல்கின்றன. அப்படியும் எல்லோரும் நிஜத்தைச் சொல்வதில்லை. சொல்வதில் ஆபத்து உண்டு. இன்று எந்தப் பூத்தில் எந்தக் கட்சிக்கு எத்தனை ஓட்டு என்பது முடிவு வந்ததும் வெளியாகிறது. ஒரு பூத் என்பது சில நூறு வீடுகள். எந்தத் தெரு நமக்குப் போடவில்லை என்று ஜெயித்தவருக்குத் தெரிந்துவிடும். பிறகு அந்தத் தெருவுக்குத் தண்ணீர்க் குழாய் எப்போது வரும் என்பது அவரவர் அனுபவம். பல பூத்களின் எண்ணிக்கையைக் கலந்து காட்டும் 'டோட்டலைசர்' எந்திரத்தைக் கொண்டுவரலாம் என்று தேர்தல் ஆணையம் 2008-லேயே யோசனை சொன்னது. 2015-ல் சட்ட ஆணையமும் ஆமோதித்தது. மத்திய அரசு ஒப்புக்கொள்ளவில்லை.

சமூக ஊடகம் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. அது இன்றைய ஈசிசேர். குரல் இருப்பவர்களின் குரல் அங்கே இன்னும் சத்தமாகக் கேட்கிறது, அவ்வளவுதான்.

ஐந்து வருடத்துக்கு நடுவில்...

வாக்குப்பெட்டி ஒன்றுதான் மக்கள் கருத்து பேசும் இடம் என்றால் அது பெரிய வினைதான். பெட்டியால் 'வேண்டாம்' என்று சொல்ல முடியும். 'இந்த ரேஷன் கடையில் எடை குறைகிறது', 'எங்கள் ஊர் ஏரியில் ஆலைக் கழிவு கலக்கிறது' என்று சொல்ல முடியாது. 1977-லும் மக்களால் ஆளை மாற்ற முடிந்தது. அறுவை சிகிச்சை மேஜையிலிருந்து எழுந்து வர முடியவில்லை.

தேர்தலுக்கும் தேர்தலுக்கும் நடுவில் பேச நமக்கு இடங்கள் இல்லாமலில்லை. கிராம சபை இருக்கிறது. தமிழ்நாட்டில் வருடத்துக்கு நான்காக இருந்த கூட்டங்கள் 2022-ல் ஆறாக உயர்த்தப்பட்டன. 500 பேர் வரை உள்ள ஊராட்சியில் 50 பேர், 10,000-க்கு மேல் என்றால் 300 பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும். இதனால் பல ஊர்களில் நடப்பது, நூறு நாள் வேலைக்கு வந்த பெண்களைக் கூப்பிட்டு முதலில் கையெழுத்து வாங்கிவிடுவது. தீர்மானம் பிறகு எழுதப்படும். அதை எழுந்து நின்று, 'படிச்சுக் காட்டுங்க, அப்புறம் கையெழுத்துப் போடறோம்' என்று கேட்ட பெண்களும் இருக்கிறார்கள். கேட்ட ஊர்களில் கூட்டம் கொஞ்சம் நீளமாகத்தான் நடக்கிறது.

இன்னோர் இடம், திங்கள்கிழமை. மாவட்டம்தோறும் கலெக்டர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள். பட்டா, முதியோர் பென்ஷன், வாய்க்கால் ஆக்கிரமிப்பு, மகன் சோறு போடவில்லை என்று எல்லாம் ஒரே வரிசையில் வரும். எந்தக் கருத்துக்கணிப்பையும்விட ஓர் ஆட்சி எப்படி நடக்கிறது என்பதை அந்த வரிசையில் ஒரு மணி நேரம் நின்றால் தெரிந்துகொள்ளலாம்.

2017 அக்டோபர் 23-ம் தேதியும் ஒரு திங்கள்கிழமைதான். கந்துவட்டிக் கொடுமைக்கு எதிராகப் பலமுறை மனு கொடுத்திருந்த ஒரு கூலித் தொழிலாளி, மனைவியோடும் இரண்டு சின்னப் பெண்களோடும் திருநெல்வேலி கலெக்டர் அலுவலகத்துக்கு வந்தார். நால்வரும் அந்த வளாகத்திலேயே தீக்கு இரையானார்கள். தமிழ்நாடே அதிர்ந்தது.

அதன்பிறகு கலெக்டர் அலுவலக வாசல்களில் போலீஸ் சோதனை கடுமையானது. இப்போதும் திங்கள்கிழமை காலைகளில் அதைப் பார்க்கலாம். மனுவோடு வரும் பாட்டியின் மஞ்சள் பையை வாங்கிக் கவிழ்க்கிறார்கள். வெற்றிலைப் பொட்டலம், ஆதார் நகல், மடித்து மடித்துக் கிழிந்த பழைய மனுக்களின் ரசீதுகள், ஒரு தண்ணீர் பாட்டில். பெண் காவலர் பாட்டிலின் மூடியைத் திறந்து மோந்து பார்க்கிறார். தண்ணீர்தான். பாட்டியை உள்ளே விடுகிறார்கள். ரசீதுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு, அவர் வரிசையின் கடைசியில் போய் நிற்கிறார்.